ஊரிலிருந்து இங்கிலாந்துக்கு வந்தவர்களுக்கு: ஆஸ்பத்திரி எப்போது காசு கேட்கும், எப்போது கேட்காது

போன குளிர்காலத்தில் ஒரு நாள் காலை ஏழரை மணிக்கு நண்பர் போன் செய்தார். பேத்தியைப் பார்க்கத் திருச்சியிலிருந்து வந்திருந்த அவருடைய அம்மாவுக்கு இரவு மூச்சுத்திணறல் வந்து, ஆம்புலன்ஸில் ஏ அண்ட் ஈ என்னும் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது மேலே வார்டுக்கு மாற்றியாகிவிட்டது. ஆக்சிஜன் குழாயோடு சாய்ந்து உட்கார்ந்திருந்த அம்மா, "தம்பி, இங்க எல்லாம் இலவசமாமே, நல்ல ஊருப்பா" என்றார். அரை மணி நேரம் கழித்து, கழுத்தில் அடையாள அட்டையும் கையில் ஒரு படிவமுமாக ஒரு பெண் வந்தார். கட்டில் பக்கம் குனிந்து, "கடந்த பன்னிரண்டு மாதமாக எங்கே வசித்தீர்கள்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியைத் தமிழில் சொன்னவன் நான்தான்.

மூன்று இரவு வார்டில் இருந்தார். ஆறு வாரம் கழித்து நாலாயிரம் பவுண்டுக்கு மேல் பில் வந்தது. கீழே அவசரப் பிரிவில் கிடந்த ஐந்து மணி நேரத்துக்கு அதில் ஒரு காசும் இல்லை. லிஃப்டில் ஏறி வார்டுக்குப் போனதிலிருந்துதான் கணக்கு ஆரம்பித்திருந்தது.

இந்தக் கோடு எங்கே இருக்கிறது என்று தெரியாததால் கஷ்டப்படுகிறவர்கள் இரண்டு வகை. எல்லாம் இலவசம் என்று நம்பி மாட்டிக்கொள்பவர் ஒருவர். எதைத் தொட்டாலும் பில் வரும் என்று பயந்து, நெஞ்சு வலியோடு வீட்டிலேயே படுத்துக்கிடப்பவர் இன்னொருவர். எனக்கு அதிகக் கவலை இரண்டாமவரைப் பற்றித்தான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே எழுதியிருப்பவை இங்கிலாந்தின் விதிகள். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து மூன்றுக்கும் தனித்தனி விதிகள் உண்டு. கிளாஸ்கோவிலோ கார்டிஃபிலோ இருப்பவர்கள் தங்கள் பகுதி விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில், நீங்கள் எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள்

என்.எச்.எஸ் என்னும் அரசு மருத்துவ சேவை 1948 ஜூலை 5 அன்று தொடங்கியது. இங்கே வசிக்காதவர்களிடம் கட்டணம் வாங்கும் அதிகாரத்தை அடுத்த ஆண்டே சட்டம் கொடுத்துவிட்டது. அதை வைத்து விதிகள் போட்டது 1982ல்தான். இப்போது நடப்பில் இருப்பவை 2015 ஏப்ரலில் வந்த விதிகள். 2017 அக்டோபரிலிருந்து, அவசரமில்லாத சிகிச்சைக்கு முழுத்தொகையையும் முன்கூட்டியே வாங்க வேண்டும் என்று அவற்றை இறுக்கினார்கள்.

விதியின் அடிப்படைக் கேள்வி ஒன்றுதான்: நீங்கள் இங்கே வழக்கமாகக் குடியிருப்பவரா? பாஸ்போர்ட்டையும் கட்டிய வரியையும் அது பார்ப்பதில்லை. இது பலருக்குத் தெரியாது. பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வாங்கிய பிறகு யாழ்ப்பாணத்துக்கோ கோவைக்கோ திரும்பிப் போய்க் குடியிருப்பவர், முழங்கால் ஆபரேஷனுக்காக மட்டும் வந்தால் அவருக்கும் பில் உண்டு. முப்பது வருடம் இங்கே வரி கட்டியிருந்தாலும் அப்படித்தான். அவரே திரும்ப இங்கே குடியேறுவதற்கென்று வந்தால், வந்த நாளிலிருந்து இலவசம். குடியேறத்தான் வந்தார் என்பதற்கு வாடகை ஒப்பந்தம், ஊர் வீட்டைக் காலி செய்ததற்கான கடிதம் போல ஏதாவது ஆதாரம் கேட்பார்கள்.

நிரந்தரமாகத் தங்கும் உரிமை இல்லாமல் விசாவில் இருக்கும் நம் ஆட்களில் பெரும்பாலானோரை, 2014ஆம் ஆண்டு குடிவரவுச் சட்டம் இந்த 'வழக்கமாகக் குடியிருப்பவர்' கணக்கிலிருந்து எடுத்துவிட்டது. அதற்குப் பதிலாக வந்ததுதான் ஐ.எச்.எஸ். விசா விண்ணப்பத்தோடு சேர்த்துக் கட்டும் மருத்துவ வரி என்று இதைச் சொல்லலாம். 2015ல் ஆண்டுக்கு 200 பவுண்டாக ஆரம்பித்தது. 2024 பிப்ரவரி 6 முதல் பெரியவர்களுக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு. மாணவர்கள், அவர்களோடு வரும் குடும்பத்தினர், 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் ஆகியோருக்கு 776 பவுண்டு. விசா எத்தனை வருடமோ அத்தனை வருடத்துக்கும் ஒரே தவணையில் கட்ட வேண்டும். ஆறு மாதமோ அதற்குக் குறைவாகவோ மிச்சம் வந்தால் அதற்குப் பாதி. ஒரு வருட முதுநிலைப் படிப்புக்கு வரும் மாணவருக்கு ஒன்றரை வருடக் கணக்கில் பொதுவாக 1,164 பவுண்டு வரும். ஐந்து வருட வேலை விசாவில் கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் என்று வரும் குடும்பத்துக்கு 18,110 பவுண்டு. ஊரில் நகையை அடகு வைத்து இதைக் கட்டியவர்கள் எனக்குத் தெரியும். அவ்வளவு கட்டியவர்கள் சேவையைக் கேட்கத் தயங்கவே கூடாது. இது நீங்கள் காசு கொடுத்து வாங்கிய உரிமை.

கட்டியவருக்கு ஆஸ்பத்திரி சிகிச்சை, ஆபரேஷன், பிரசவம் எல்லாவற்றிலும் இங்கே குடியிருப்பவரைப் போலவே உரிமை உண்டு. ஒரு விலக்கு: குழந்தைப்பேறுக்கான செயற்கைக் கருத்தரிப்பு இதில் அடங்காது. மருந்துச் சீட்டு, பல், கண் ஆகியவற்றுக்கு இங்குள்ள எல்லோரையும் போலக் கட்டணம் உண்டு. மருந்துச் சீட்டில் ஒரு மருந்துக்கு 9.90 பவுண்டு. சுகர், பிரஷர் என்று மாதா மாதம் நாலைந்து மருந்து வாங்குகிறவர்கள் முன்பணச் சான்றிதழ் ஒன்று எடுத்துவிட்டால், ஆண்டுக்கு 114.50 பவுண்டோடு முடிந்துவிடும். இதைக் கவுன்டரில் யாரும் தாமாகச் சொல்ல மாட்டார்கள். நீங்கள்தான் கேட்க வேண்டும்.

ஹெல்த் அண்ட் கேர் விசாவில் வந்திருக்கும் டாக்டர்கள், நர்ஸ்கள், பராமரிப்பாளர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் ஐ.எச்.எஸ் கிடையாது. கட்டாமலே முழு உரிமை உண்டு. வேறு விசாவில் இருந்துகொண்டு மருத்துவத் துறையிலோ பராமரிப்புத் துறையிலோ வேலை பார்ப்பவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. உதாரணமாக, கணவரின் வேலை விசாவில் சார்ந்து வந்த மனைவி முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தால், சராசரியாக வாரம் 16 மணி நேரம் வீதம் ஆறு மாதம் முடித்தபின், கட்டிய தொகையைத் திருப்பிக் கேட்கலாம். விசா மறுக்கப்பட்டாலும் ஐ.எச்.எஸ் தொகை திரும்ப வரும். ஆனால் விசா கிடைத்து, ஒரு நாளும் ஆஸ்பத்திரி போகவில்லை என்பதற்காகவோ, சீக்கிரம் ஊர் திரும்பிவிட்டோம் என்பதற்காகவோ திருப்பித் தர மாட்டார்கள்.

சுற்றுலா விசாவில் வரும் அப்பா அம்மா, ஆறு மாதமோ அதற்குக் குறைவாகவோ உள்ள சின்னப் படிப்புகளுக்கு வருபவர்கள், விசா முடிந்தபின் தங்கிவிட்டவர்கள் ஆகியோர்தான் கட்டண வகை. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற சில நாடுகளோடு பரஸ்பர மருத்துவ ஒப்பந்தம் இருக்கிறது. இந்தியாவோடும் இலங்கையோடும் இல்லை. பில் போடும்போது, என்.எச்.எஸ் தன் கணக்குக்கு வைத்திருக்கும் விலையைப் போல ஒன்றரை மடங்கு போடுவார்கள். பிள்ளைகள் என்பதற்காகத் தனிச் சலுகை கிடையாது. சுற்றுலா விசாவில் வந்த ஐந்து வயதுக் குழந்தைக்கும் இதே கணக்குதான்.

வந்த வாரமே ஜி.பி.யிடம் பதிவு செய்யுங்கள்

ஜி.பி என்பது நம்ம ஊரில் தெருமுனை டாக்டரைப் போல. காய்ச்சலோ தலைவலியோ, முதலில் அங்கேதான் போக வேண்டும். ஆஸ்பத்திரியில் சிறப்பு மருத்துவரைப் பார்க்க வேண்டுமென்றாலும் பெரும்பாலும் அவர் எழுதிக் கொடுக்கும் கடிதத்தோடுதான் போக முடியும்.

இதில் நம் ஆட்கள் நம்ப மறுக்கிற செய்தி ஒன்று உண்டு: ஜி.பி.யைப் பார்ப்பது எல்லோருக்கும் இலவசம். எல்லோருக்கும் என்றால் மாணவருக்கு, சுற்றுலா வந்த பாட்டிக்கு, அகதி விண்ணப்பம் போட்டவருக்கு, விசா முடிந்துபோனவருக்கு என்று அத்தனை பேருக்கும். பதிவு செய்ய முகவரிச் சான்றோ, அடையாள அட்டையோ, விசாவோ கட்டாயம் இல்லை. பதிவுப் படிவத்தை நிரப்பினால் போதும். பல இடங்களில் இணையத்திலேயே நிரப்பலாம். மூன்று மாதத்துக்குள் திரும்பப் போகிற விருந்தாளியைத் தற்காலிக நோயாளியாகப் பதிவு செய்துகொள்வார்கள்.

வரவேற்பறையில் இருப்பவருக்கு இது தெரியாமல் இருக்கும். "கேஸ் பில் இல்லையா? பேங்க் ஸ்டேட்மென்ட்? அதெல்லாம் கொண்டுவந்தால்தான்" என்பார். ஒரே அறையில் நாலு பேராகத் தங்கியிருக்கும் மாணவரின் பெயரில் கேஸ் பில் எப்படி இருக்கும்? அவர் சண்டை போடத் தெரியாமல் திரும்பி வந்துவிடுவார். அப்படித் திரும்பிய ஒரு பையனோடு நான் மறுநாள் போனேன். "அடையாளச் சான்று இல்லாததற்காகப் பதிவை மறுக்கக் கூடாது என்று என்.எச்.எஸ் இங்கிலாந்தின் வழிகாட்டல் சொல்கிறது. மறுப்பதென்றால் காரணத்தை எழுதிக் கொடுங்கள்" என்று அமைதியாகச் சொன்னோம். உள்ளே போய் மேனேஜரிடம் கேட்டுவிட்டு வந்து படிவத்தைக் கொடுத்தார். இந்த இரண்டு வாக்கியத்தையும் ஆங்கிலத்தில் போனில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஜி.பி.யிடம் பதிவானதும் ஒரு என்.எச்.எஸ் எண் வரும். அந்த எண் இருந்தால் ஆஸ்பத்திரியும் இலவசம் என்று பலர் நினைக்கிறார்கள். அது வெறும் பதிவு எண்தான். ஆஸ்பத்திரியில் உரிமையைத் தனியாகத்தான் சரிபார்ப்பார்கள்.

எந்த நிலையில் இருந்தாலும் காசு கேட்கக் கூடாதவை

ஏ அண்ட் ஈ என்னும் அவசரப் பிரிவு, வாக்-இன் சென்டர், சிறு காயங்களுக்கான பிரிவு ஆகியவற்றில் கொடுக்கும் சிகிச்சைக்கு யாரிடமும் கட்டணம் இல்லை. வார்டில் சேர்த்தாலோ, "அடுத்த வாரம் வெளிநோயாளர் பிரிவுக்கு வாருங்கள்" என்று தேதி கொடுத்தாலோ, கட்டண வகையில் இருப்பவருக்கு அங்கிருந்து கணக்கு தொடங்குகிறது. என்.எச்.எஸ்-இன் 111 எண்ணுக்குப் போன் செய்து மருத்துவ ஆலோசனை கேட்பது இலவசம். கருத்தடை சேவைகளும் இலவசம். கருக்கலைப்பு இதில் வராது.

தொற்றுநோய்கள் முக்கியமானவை. காசநோய், எச்.ஐ.வி, கோவிட், தட்டம்மை, பால்வினை நோய்கள் என்று ஒரு நீண்ட பட்டியல் இருக்கிறது. இவற்றைக் கண்டறிவதும் இவற்றுக்குச் சிகிச்சை கொடுப்பதும் எல்லோருக்கும் இலவசம். நம்மைப் பொறுத்தவரை காசநோய்தான் அதிகம் கவனிக்க வேண்டியது. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட விசாவுக்கு இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் விண்ணப்பிக்கிறவர்கள் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துச் சான்றிதழ் காட்ட வேண்டும். அந்தச் சான்றிதழ் இருக்கிறதே என்ற தைரியத்தில் மூன்று வாரமாக விடாத இருமலையும் இரவு வியர்வையையும் தள்ளிப்போடாதீர்கள். எக்ஸ்ரே எடுத்த நாளில் உள்ளே உறங்கிக்கிடந்த கிருமி பின்னாலும் எழலாம். மாதக்கணக்கில் தின்ன வேண்டிய மாத்திரைக்கு ஒரு பென்ஸ்கூட வாங்க மாட்டார்கள்.

சித்திரவதை, குடும்ப வன்முறை, பாலியல் வன்முறை ஆகியவற்றால் வந்த உடல் மன பாதிப்புகளுக்கான சிகிச்சையும் இலவசம். அந்தச் சிகிச்சைக்காகவே நாட்டுக்கு வந்திருக்கக் கூடாது என்பது மட்டும்தான் நிபந்தனை. ஈழத்திலிருந்து வந்தவர்களில் பலருக்கு இது நேராகப் பொருந்தும். தழும்பைக் காட்டிப் பேச நா எழாது, தெரியும். டாக்டரிடம் ஒரு முறை சொல்லி அது குறிப்பில் ஏறிவிட்டால், பின்னால் பில் வரும்போது அந்தக் குறிப்பே உங்களுக்காகப் பேசும்.

ஆஸ்பத்திரி கூப்பிடும்போது

முதல் அப்பாயின்ட்மென்டிலோ வார்டிலோ ஒரு படிவம் தருவார்கள்: எத்தனை நாளாக இங்கே இருக்கிறீர்கள், என்ன விசா, எங்கே தங்கியிருக்கிறீர்கள். பதிலில் சந்தேகம் வந்தால் 'ஓவர்சீஸ் விசிட்டர்ஸ்' அலுவலகத்திலிருந்து ஆள் வருவார். அம்மாவின் கட்டிலுக்கு வந்தவர் அவர்தான். முகத்தைப் பார்த்தோ பெயரைப் பார்த்தோ கேட்பதில்லை, எல்லோரிடமும் கேட்க வேண்டியது என்பது விதி.

பொய் சொல்லாதீர்கள். நண்பரின் தம்பி அன்றைக்குப் பதற்றத்தில் "அம்மா ஒரு வருடமா எங்ககூடத்தான் இருக்காங்கன்னு சொல்லிடுங்கண்ணே" என்று என் காதில் சொன்னார். நான் சொல்லவில்லை. நுழைந்த தேதி குடிவரவுத் துறையின் கணினியில் இருக்கிறது. பில்லைத் தவணையில் கட்டிவிடலாம். பொய் சொன்னது பதிவாகிவிட்டால் அடுத்த விசாவிலிருந்து குடும்பம் முழுவதற்கும் சிக்கல்.

கையில் வைத்திருக்க வேண்டியவை: பாஸ்போர்ட், இணையத்தில் இருக்கும் ஈ-விசாவைப் பிறருக்குக் காட்ட எடுக்கும் ஷேர் கோடு, ஐ.எச்.எஸ் கட்டிய மின்னஞ்சல். பழைய பிளாஸ்டிக் விசா அட்டைகள் 2024 இறுதியோடு காலாவதியாகிவிட்டதால் இப்போது எல்லாம் ஈ-விசாதான். கணக்கில் நுழையும் கடவுச்சொல் நெருக்கடியில் நினைவுக்கு வராது. இன்றைக்கே ஒரு முறை திறந்து பாருங்கள். ஆவணம் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு இந்த நாட்டையே தலைகுனிய வைத்த உதாரணம் ஒன்று உண்டு. ஜமைக்காவிலிருந்து இளவயதில் வந்து 44 வருடம் லண்டனில் வாழ்ந்து வரி கட்டியவர் ஒருவர். புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும் நேரத்தில், குடியிருப்பு உரிமையைக் காட்டக் காகிதம் இல்லை என்பதால் அவரிடம் 54,000 பவுண்டு கேட்டார்கள். கரீபியன் தீவுகளிலிருந்து பல்லாண்டுகளுக்கு முன் சட்டப்படி வந்தவர்களைக் காகிதம் இல்லை என்று அலைக்கழித்த, 2018ல் வெடித்த விண்ட்ரஷ் விவகாரத்தில் அவருடைய கதை பெரிதாகப் பேசப்பட்டது. உரிமை இருந்தும் காட்ட முடியாமல் போனவர் அவர்.

கட்டண வகையில் இருப்பவரின் நோயை டாக்டர்கள் மூன்றில் ஒன்றாகப் பிரிப்பார்கள். உடனே செய்தாக வேண்டியது: உயிரைக் காப்பது, நிலைமை மோசமாகாமல் தடுப்பது. இதைக் காசு இல்லை என்று ஒருபோதும் மறுக்கக் கூடாது. பில் பிறகு வரும். அவசரமானது: நோயாளி ஊருக்குத் திரும்பும் வரை காத்திருக்க முடியாதது. இதற்கு முன்பணம் கேட்பார்கள், கட்ட முடியவில்லை என்றாலும் சிகிச்சையை நிறுத்தக் கூடாது. அவசரமில்லாதது: ஊருக்குப் போய்ச் செய்துகொள்ளக் கூடியது. இதற்கு முழுத்தொகையையும் கட்டினால்தான் ஆரம்பிப்பார்கள். இதை முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர். படிவத்தோடு வந்தவரோ கணக்குப் பிரிவோ இல்லை. எனவே முன்பணம் கேட்டு நிறுத்தினால், "இது எந்த வகை என்று டாக்டர் எழுதியிருக்கிறாரா?" என்று கேளுங்கள். ஊர் திரும்பும் உத்தேசத் தேதியையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அந்தத் தேதியை வைத்துத்தான் காத்திருக்க முடியுமா முடியாதா என்று அவர் பார்ப்பார்.

மொழி தெரியவில்லை என்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். இலவசம், பெரும்பாலும் போனிலேயே இணைப்பார்கள். பள்ளியில் படிக்கும் பிள்ளையை நடுவில் நிறுத்தி அம்மாவின் கர்ப்பப்பைப் பிரச்சினையை மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள்.

அப்பா அம்மாவை அழைக்கப் போகிறீர்களா

டிக்கெட் போடும் முன்பே மருத்துவக் காப்பீடு எடுங்கள். எடுத்தால் மட்டும் போதாது. திருச்சி அம்மாவுக்கும் காப்பீடு இருந்தது. ஏஜென்ட் கேட்ட கேள்விக்கெல்லாம் "ஒண்ணுமில்ல" என்று பதில் போட்டு, பத்து வருடமாகச் சாப்பிடும் பிரஷர் மாத்திரையைச் சொல்லாமல் விட்டிருந்தார்கள். இங்கே ஆஸ்பத்திரிக் குறிப்பில் அந்த மாத்திரையின் பெயர் முதல் வரியிலேயே இருந்தது. காப்பீட்டு நிறுவனம் கையை விரித்துவிட்டது.

ஏற்கெனவே உள்ள நோய்களைச் சொல்லி, அதற்கும் சேர்த்து எடுங்கள். பிரீமியம் கூடும், கூடட்டும். பாலிசியில் மூன்று இடங்களை உங்கள் கண்ணால் படியுங்கள்: ஏற்கெனவே உள்ள நோயால் வரும் அவசரத்துக்கு எவ்வளவு வரை தருவார்கள், எழுபது வயதைத் தாண்டினால் உச்சவரம்பு குறைகிறதா, ஆஸ்பத்திரிக்கு நேரடியாகக் கட்டுவார்களா, நாம் கட்டிவிட்டுத் திரும்ப வாங்க வேண்டுமா. வார்டில் சேர்த்தால் எத்தனை மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும் என்பதும் அதில் இருக்கும். அந்த எண்ணை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வையுங்கள்.

தங்கப்போகும் நாட்களுக்கும் மேலே ஒரு மாதத்துக்கும் சேர்த்து மாத்திரை கொண்டுவரச் சொல்லுங்கள். ஊர் டாக்டரிடம் நோய், மருந்தின் வேதிப்பெயர், அளவு ஆகியவற்றை ஆங்கிலத்தில் ஒரு பக்கக் கடிதமாக வாங்கி வரட்டும். நம்ம ஊர் மருந்தின் கம்பெனிப் பெயர் இங்கே யாருக்கும் புரியாது. பழைய ஈ.சி.ஜி இருந்தால் அதன் நகலையும் எடுத்து வரட்டும். "இது புதிதாக வந்த மாற்றமா, முன்பே இருந்ததா?" என்று தெரியாமல்தான் பல நேரம் வார்டில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

வந்ததும் தற்காலிக நோயாளியாக ஜி.பி.யிடம் பதிவு செய்துவிடுங்கள். மூன்று நாளாகக் கால் வீக்கம் இருக்கும்போதே ஜி.பி.யைப் பார்த்திருந்தால் திருச்சி அம்மா அந்த இரவு ஆம்புலன்ஸில் போயிருக்க வேண்டியிருக்காது என்று வார்டு டாக்டரே சொன்னார். "பில் போடுவாங்கன்னு நினைச்சுத்தான் சொல்லல" என்றார் அம்மா. இலவசமான இடத்துக்குப் பயந்து போகாமல், கட்டணம் உள்ள இடத்தில் போய் முடிந்தது.

கண்புரை, முழங்கால், பல் ஆகியவற்றை இங்கே வந்து பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். ஊரிலேயே முடித்துவிட்டு வரட்டும்.

பிரசவம்

ஐ.எச்.எஸ் கட்டியவருக்குப் பிரசவம் முழுவதும் இலவசம். கர்ப்பம் என்று தெரிந்ததும் மகப்பேறுச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். மருந்தும் பல் சிகிச்சையும் இலவசமாகும். பிறந்த குழந்தைக்கு, நாட்டை விட்டு வெளியே போகாமலிருந்தால், முதல் மூன்று மாதத்துக்குக் கட்டணம் இல்லை. இங்கே பிறந்ததால் மட்டும் குழந்தைக்குக் குடியுரிமை வந்துவிடாது. மூன்று மாதம் முடிவதற்குள் குழந்தைக்கும் விசா விண்ணப்பித்து ஐ.எச்.எஸ் கட்டிவிடுங்கள். பால் கொடுத்துத் தூங்காமல் கிடக்கும் நாட்களில் இது மறந்துபோகும்; அப்பாக்கள் நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

கட்டண வகையில் இருக்கும் பெண்ணுக்குப் பிரசவத்துக்கு ஆயிரக்கணக்கில் பில் வரும். ஆனால் மகப்பேறு சிகிச்சை முழுவதும் 'உடனே செய்தாக வேண்டியது' என்ற வகையில் வைக்கப்பட்டிருக்கிறது. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, மிட்வைஃப் பார்ப்பது எதையும் காசு கட்டவில்லை என்று மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது. பில்லுக்குப் பயந்து ஏழாம் மாதம்வரை யாரிடமும் காட்டாமல் இருந்த பெண்ணை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். மெட்டர்னிட்டி ஆக்‌ஷன் என்ற தொண்டு நிறுவனம் இப்படிப்பட்ட பெண்களுக்குச் சட்ட ஆலோசனை தருகிறது.

அகதி விண்ணப்பம் போட்டவர்கள், விசா அறுந்தவர்கள்

அகதி அந்தஸ்து கிடைத்தவருக்கும், விண்ணப்பமோ மேல்முறையீடோ நிலுவையில் இருப்பவருக்கும் எல்லாச் சிகிச்சையும் இலவசம். மருந்துக் கட்டணத்திலிருந்து விலக்குத் தரும் எச்.சி.2 சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள். விண்ணப்பம் முழுவதுமாக மறுக்கப்பட்டவர்களில் சிலருக்கு, உதாரணமாக உள்துறை தங்குமிடம் தந்து பார்த்துக்கொள்ளும் 'பிரிவு 4' உதவியில் இருப்பவர்களுக்கு, இலவசம் தொடரும். மற்றவர்களுக்கு இங்கிலாந்தில் கட்டணம் உண்டு. ஆனால் விண்ணப்பம் நிலுவையில் இருந்தபோதே ஆரம்பித்த சிகிச்சை, அது முடியும்வரை இலவசமாகவே தொடர வேண்டும். ஆரம்பித்த தேதியைக் காட்டும் கடிதத்தை எறிந்துவிடாதீர்கள்.

விசாவை உள்துறை பாதியில் ரத்து செய்தால் ஐ.எச்.எஸ் தரும் பாதுகாப்பும் அதோடு போய்விடும். வேலை கொடுத்த நிறுவனத்தின் உரிமம் பறிபோய்த் தவிக்கும் பராமரிப்பாளர்கள் இதைக் கவனிக்க வேண்டும். விசா முடிவதற்கு முன்பே புதிய விண்ணப்பம் போட்டுவிட்டால், முடிவு வரும்வரை பழைய உரிமை தொடரும். ஒரு நாள் தாமதமானாலும் நிலை வேறு. எந்த வகையிலும் வராமல் தனித்து நிற்பவர்கள் குடிபெயர்ந்தவர்களுக்கு உதவும் தொண்டு அமைப்புகளை அணுகுங்கள். பதிவு செய்யவும், பில் பற்றிப் பேசவும் உதவுவார்கள்.

பில் வந்துவிட்டால்

உறையைப் பிரியுங்கள். பிரிக்காமல் அலமாரியில் வைத்த உறைகள்தான் பெரிய சிக்கலில் போய் முடிகின்றன.

எந்தத் தேதிக்கு, எதற்கு என்று வரிவரியாகக் கணக்குக் கேட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். அவசரப் பிரிவில் இருந்த நேரத்துக்குப் போட்டிருக்கிறார்களா, தொற்றுநோய்ப் பரிசோதனைக்குப் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். உங்களுக்குக் கட்டண விலக்கு இருந்தும் பில் வந்திருந்தால் ஆதாரத்தோடு மறுத்து எழுதுங்கள். முன்பே கட்டியிருந்தாலும் திருப்பிக் கேட்கலாம். அதற்கு ரசீது வேண்டும். ஓவர்சீஸ் விசிட்டர்ஸ் அலுவலகம் பதில் சொல்லவில்லை என்றால் அதே ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் குறைகளைக் கேட்கும் பால்ஸ் பிரிவில் புகார் கொடுங்கள். அதுவும் சரிவராவிட்டால் சுகாதாரக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

பில் சரிதான் என்றால் தவணை கேளுங்கள். சம்பளச் சீட்டு, வாடகை, பிள்ளைகள் செலவு ஆகியவற்றைக் காட்டி, உங்களால் உண்மையாகவே கட்ட முடிந்த தொகையைச் சொல்லுங்கள். ஒப்புக்கொண்டதை எழுத்தில் வாங்குங்கள். இது ஏன் முக்கியம் என்றால், 500 பவுண்டோ அதற்கு மேலோ இரண்டு மாதத்துக்கு மேல் கட்டாமல் நின்றால் ஆஸ்பத்திரி அதை உள்துறைக்குத் தெரிவிக்கலாம். அடுத்த விசாவை அந்தக் காரணத்துக்காகவே மறுக்க முடியும். பில் இருப்பது நோயாளியின் பெயரில் என்பதால் பாதிக்கப்படுவது அவருடைய விசா.

திருச்சி அம்மாவின் பில்லுக்கு மாதம் 150 பவுண்டு என்று எழுத்தில் வாங்கினோம். நண்பர் ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி கட்டுகிறார். ரசீதை அம்மாவின் பாஸ்போர்ட் நகலோடு ஒரே கோப்பில் போட்டு வைக்கிறார். பேத்தியின் இரண்டாவது பிறந்தநாளுக்கு விசா போடும்போது அந்தக் கோப்பையும் சேர்த்து அனுப்பப் போகிறோம். இந்த முறை காப்பீட்டுப் படிவத்தில் பிரஷர் மாத்திரையின் பெயரை அம்மாவே சொல்லி எழுத வைத்திருக்கிறார்.